இரண்டும் இல்லாதவர்கள் வரிசை

முதல் வரிசையின் ஓர நாற்காலியில் இடது கையுறை. பக்கத்து நாற்காலியில் வலது. அதற்கடுத்ததில் மஃப்ளர், அதற்கும் அடுத்ததில் கம்பளித் தொப்பி. கோட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். நிறையப் பேர் வருகிறார்கள் என்று தெரிந்தால்தான் அது கழலும். மாநிலத் தலைநகரான அகஸ்டாவில் சட்டமன்றக் குழு அறைகளுக்குள் காலையில் முதலில் நுழைகிற ஆள் ஜோஸ்லின் டுபே. துப்புரவாளர் விளக்கைப் போட்டுவிட்டு நகர்ந்ததும் உள்ளே வந்து, தன் உடம்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி நாற்காலிகளுக்கு உடுத்திவிடுவாள்.

எல்லாம் இடம் பிடிக்கத்தான். மசோதாவைப் பற்றிப் பேச வருகிற சாதாரண ஜனங்கள் பனிச்சேற்றில் உருண்டு புரண்டு வந்து சேர்வதற்குள், நிறுவனங்களுக்காகப் பேசுகிற கோட்டு சூட்டு ஆட்கள் முன்வரிசையை அடைத்துவிடுவார்கள். பேச வருகிற சாட்சிகள் அதிகமாக ஆக, ஜோஸ்லின் மீது துணி குறைந்துகொண்டே போகும். நண்டு பிடிப்பவர்கள் திரண்டு வந்த ஒருநாள் பூட்ஸையும் கழற்றி வைத்துவிட்டு, மதியம்வரை காலுறையோடு நடந்தாள்.

"இன்னும் ரெண்டு சாட்சி வந்திருந்தா உன்னைப் போலீஸ் பிடிச்சிருக்கும்" என்றான் கேலப்.

கேலப் அவளைப் போலவே பயிற்சிக்கு வந்த இன்னொரு இன்டர்ன். இருவரும் வேலை பார்ப்பது ‘அண்டை அயலார் மன்றம்’ என்ற சின்ன அமைப்பில். பீட்சா கடைக்கு மேலே இரண்டு அறைகள். முதியோர், நோயாளிகள், வாடகைக்குக் குடியிருப்பவர்கள் ஆகியோருக்காகச் சட்டமன்றத்தில் போய்ப் பேசுவது மன்றத்தின் தொழில். அந்தப் பேச்சுக்கு வேண்டிய மற்ற எல்லாவற்றையும் செய்வது இன்டர்ன்களின் தொழில். நாற்காலி பிடிப்பது, பேசப்போகிறவர்களின் உரையைப் படியெடுத்து அடுக்குவது, மூன்றாம் மாடியில் அவைக் கதவருகே நின்று உள்ளே இருக்கும் உறுப்பினருக்குச் சீட்டு அனுப்புவது, சீட்டைப் பார்த்து அவர் வெளியே வந்ததும் மேலாளரைத் தேடி ஓடுவது, மேலாளரோடு திரும்புவதற்குள் அவர் உள்ளே போய்விட்டால் முகம் கோணாமல் மறுபடி ஒரு சீட்டு எழுதுவது. மசோதா ஒன்றைக் கதவுக்குக் கதவு தள்ளிக்கொண்டு போகிற இந்த வேலை, ரிப்பேரான காரைப் பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரிதான். ஓட்டுகிறவர் வேறு ஒருவர்.

இரண்டு மாதத்தில் ஜோஸ்லின் உறுப்பினர்களின் பாஷையைக் கற்றுக்கொண்டுவிட்டாள். "யோசிச்சுப் பாக்குறேன்மா" என்றால் இல்லை. "அருமையாச் சொன்னே" என்றால் நிச்சயமாக இல்லை. எரிச்சலோடு "இதுக்குப் பணம் எங்கேர்ந்து வரும்?" என்று கேட்டால் மட்டும் நம்பிக்கை உண்டு. மனிதர் மசோதாவைப் படித்திருக்கிறார்.

அவளுக்கென்றும் ஒரு பாஷை உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால்கூட, "ஒரு பக்கம் பாத்தா பீட்சா சரிதான். இன்னொரு பக்கம் பாத்தா..." என்று இழுப்பாள். கேலப் அவளுக்கு ‘இன்னொரு பக்கம்’ என்றே பெயர் வைத்துவிட்டான். "ஏய் இன்னொரு பக்கம், ஸ்டேப்ளரை எடு." அவன் கடற்கரை ஊர்க்காரன். அப்பா வக்கீல், மாமா வக்கீல், பாய்மரப் படகுக்குக்கூட ஒரு சட்டப் பெயர். எந்த மசோதாவைக் காட்டினாலும் மூன்று நொடியில் ஒரு கட்சி எடுத்துவிடுவான். ஜோஸ்லினுக்கு அது பார்க்கப் பொறாமையாக இருக்கும். தன் வீட்டில் கல்லூரிவரை போனவள் அவள் ஒருத்திதான். படித்ததால்தான் இரண்டு பக்கமும் தெரிகிறதா, படித்ததால் நிற்க ஒரு பக்கம் இல்லாமல் போனதா என்று சில சமயம் பஸ்ஸில் போகும்போது தன்னையே கேட்டுக்கொள்வாள். பதில் கிடைப்பதற்குள் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்துவிடும்.

குழுவின் கருத்துக் கேட்பில் பேச வருகிறவர்களுக்கு மூன்று வரிசை. முதலில் ஆதரவு, அடுத்து எதிர்ப்பு, கடைசியில் ‘ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை’. ஒரு வரிசை முடிந்தால் முடிந்ததுதான். தலைவர் திரும்பத் திறக்கமாட்டார். மூன்றாவது வரிசை வரும்போது கோட்டு சூட்டுகள் எழுந்து காப்பிக்குப் போய்விடும். ஜோஸ்லின் மட்டும் நிமிர்ந்து உட்காருவாள். அந்த வரிசையில் வருகிறவர்கள் பெரும்பாலும் அரசு அதிகாரிகள். வாயில் ‘இரண்டும் இல்லை’, முகத்தில் எதிர்ப்பு. எந்த மசோதாவாக இருந்தாலும் வந்து உட்கார்ந்து தேனீக்களைப் பற்றிப் பேசிவிட்டுப் போகும் ஒருவரும் உண்டு. எப்போதாவது ஒருமுறை உண்மையாகவே இரண்டும் இல்லாத ஒருவர் வருவார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு, நன்றி சொல்லாமல் எழுந்து போவார். அவர் போன பிறகும் ஜோஸ்லின் அந்த வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மேலாளர் ஹோப் மெரில் நல்லவர். சூட்டுக்குக் கீழே பனி பூட்ஸ் போட்டுக்கொண்டு அரங்கத்தையே குறுக்கே கடப்பவர். இன்டர்ன்களுக்கு அவர் விதித்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று: மைக் பக்கம் போகக்கூடாது. முன்பு ஒரு பையன் செனட்டர் கேட்ட கேள்விக்கு உற்சாகத்தில் ஒரு தப்பான பதில் சொல்லி, மசோதா அந்த இடத்திலேயே செத்துவிட்டதாம். "மன்றத்தோட அட்டையைக் கழுத்துல மாட்டிட்டு நீங்க பேசினா அது நீங்க இல்ல, மன்றம்" என்பார் ஹோப். "மன்றம் பேச நான் இருக்கேன். நீங்க நாற்காலியைப் பாத்துக்கங்க."

அந்த மார்ச் மாதத்தில் ஹோப் தள்ளிக்கொண்டிருந்தது வண்டி மசோதா. டாக்டரிடம் போக வசதி இல்லாத நோயாளிகளுக்கு அரசாங்கச் செலவில் வண்டி வரும். கொண்டுபோய் இறக்கிவிட்டு, அந்த வண்டி அடுத்த ஆளைத் தேடிப் போய்விடும். சிகிச்சை முடிந்த நோயாளி திரும்பிப்போக வேறொரு வண்டிக்குக் காத்துக் கிடக்க வேண்டும். சில நாள் வரும், சில நாள் வராது. ஆகவே இறக்கிவிட்ட வண்டி அங்கேயே காத்திருந்து திரும்பக் கூட்டிவர வேண்டும் என்றது மசோதா. இதில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்? வண்டிகளை ஏற்பாடு செய்யும் நிறுவனத்துக்கு இருந்தது. அது எதிர்பார்த்ததுதான்.

ஜோஸ்லினுக்கு இடித்தது வேறொன்று. வடக்குக் கோடியில், ஆற்றைத் தாண்டினால் கனடா என்கிற ஊரில், அவள் அப்பா ஜெரார் அந்த நிறுவனத்துக்குத்தான் வண்டி ஓட்டுகிறார். மரலாரி ஓட்டி முதுகு போன பிறகு, சொந்தக் காரில் நோயாளிகளை ஏற்றிப்போகிறார். சட்டமன்றத்தின் இரண்டு கட்டடங்களை இணைக்கும் சுரங்க நடையில் நின்று அவருக்குப் போன் செய்தாள்.

"பப்பா, வண்டி காத்திருக்கணும்னு ஒரு சட்டம் வருது."

"யார் வண்டி?"

"உன் வண்டிதான்."

"டயாலிசிஸ்னா அரை நாள் குட்டி. அரை நாள் பார்க்கிங்ல உக்காந்து நான் என்ன பண்ண, பனி எப்படி உருகுதுன்னு பாக்கவா? ஆள் பின்சீட்ல இருந்தாத்தான் எனக்குக் கூலி. வெறும் வண்டிக்கு ஒரு சல்லி கிடையாது."

"காத்திருக்கிறதுக்கும் கூலி குடுக்கணும்னு எழுதினா?"

"எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்ப அன்னிக்கே சாவியைக் குடுத்துட்டு வந்துடுவேன். நான் மட்டும் இல்ல, இங்க ஓட்டுறவன் எல்லாரும். அப்புறம் டயாலிசிஸுக்கு மேடம் மிஷோவைத் தோள்ல தூக்கிட்டுப் போறது யாரு, உங்க செனட்டரா?" பிறகு குரலைத் தணித்து, "சாப்பிட்டியா? பீட்சாவா மறுபடியும்?" என்றார்.

அதாவது மசோதா ஜெயித்தால், காத்திருக்க ஒரு வண்டிகூட மிஞ்சாது. ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். ஹோப்பிடம் சொல்லிவிடலாம் என்று மறுநாள் படிக்கட்டில் பிடித்தாள்.

"ஹோப், அந்த வண்டி மசோதா... ஒரு பக்கம் பாத்தா நல்லதுதான். இன்னொரு பக்கம்..."

"ஜோஸ், இந்த வாரம் எனக்கு ஒரு பக்கம் போதும்" என்று சிரித்துக்கொண்டே ஹோப் இரண்டிரண்டு படியாக ஏறிப்போய்விட்டார்.

"என் அப்பா அந்த டிரைவர்களில் ஒருத்தர்" என்று ஆரம்பித்திருக்க வேண்டும். அதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அடுத்த நிமிடம் அவள் எதிராளியின் பெண். சொல்லாவிட்டால்? நல்ல இன்டர்ன். நல்ல இன்டர்னாகவே படியெடுக்கப் போனாள்.

கருத்துக் கேட்பு நாள். மஃப்ளர் போட்ட நாற்காலி வெர்னா பிராக்டனுக்கு. ஸ்கௌஹீகன் ஊர்க்காரர், ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தவர், வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். ஹோப்பின் துருப்புச் சீட்டே அவர்தான். மூன்று நிமிட உரையையும், எல்லாரும் சொல்லித் தொடங்கவேண்டிய "செனட்டர் வின்ஸ்லோ அவர்களே, மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களே" என்ற வணக்கத்தையும் ஜோஸ்லின் போனிலேயே அவருக்குப் பழக்கியிருந்தாள். "மதிப்பிற்குரியன்னு நான் என் சர்ச்சுல பாதிரியாரைக்கூடச் சொன்னது இல்லடி" என்பார் வெர்னா. ஆனாலும் சொல்லிப் பழகினார்.

ஆதரவு வரிசை தொடங்கியது. மஃப்ளர் நாற்காலி காலி. ஹோப் பேசினார், டாக்டர் ஒருவர் பேசினார், பாதிரியார் ஒருவர் பேசினார். மஃப்ளர் மட்டும் உட்கார்ந்திருந்தது. "ஆதரவாப் பேச வேற யாராவது?" என்று குழுத் தலைவர் செனட்டர் வின்ஸ்லோ கேட்டபோது ஹோப் கதவைப் பார்த்தார், கேலப் கதவைப் பார்த்தான், ஜோஸ்லின் கதவுக்கு வெளியே போய்ப் பார்த்தாள். சுத்தியல் விழுந்தது. ஆதரவு முடிந்தது.

நிறுவனத்தின் வக்கீல் எதிர்ப்பைப் பேசிக்கொண்டிருக்கும்போது, ஊன்றுகோலும் சேறு அப்பிய பூட்ஸுமாக வெர்னா உள்ளே வந்தார். ஜோஸ்லின் மஃப்ளரை எடுத்துவிட்டு அவரை உட்காரவைத்தாள்.

"வண்டி லேட்" என்றார் வெர்னா, மூச்சு வாங்க. "வேற என்ன! வண்டி லேட்டா வருதுன்னு சொல்ல வர்ற அன்னிக்கும் வண்டி லேட். இந்த ஊர் டாக்டரையும் பாக்கணும்னுதான் அதைக் கேட்டிருந்தேன். எப்ப என்னைக் கூப்பிடுவாங்க?"

"வெர்னா... ஆதரவு வரிசை முடிஞ்சிருச்சு."

"அதெப்படி முடியும்? நான் இன்னும் பேசலையே!"

"திரும்பத் திறக்க மாட்டாங்க. ஆனா இன்னொரு வரிசை இருக்கு. ஆதரவும் இல்ல, எதிர்ப்பும் இல்லங்கிறவங்களுக்கு."

"அப்படி யாருடி இருக்கா உலகத்துல?"

ஜோஸ்லின் மஃப்ளரை மடித்தாள். "சில பேர் இருப்பாங்க."

"என் புருஷன் இருந்தான். அதனாலதான் வீட்டை விட்டு அனுப்பினேன்." வக்கீல் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அது கேட்டது. "நான் ஆதரவு. எனக்கு வயசு அறுபது. இவ்வளவு தூரம் வந்து பொய் சொல்லமாட்டேன்."

"பொய் வேண்டாம். வரிசைக்குத்தான் அந்தப் பேரு. உக்காந்த பிறகு உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. அங்க உக்காரலேன்னா இன்னிக்குப் பேசவே முடியாது."

வெர்னா ஊன்றுகோலால் தரையை இரண்டு தட்டுத் தட்டி யோசித்தார். "நல்ல சட்டமன்றம். பேசுறதுக்கும் பின்வாசல் வழியா வரணும்." எழுந்தார்.

மைக் முன்னால் உட்கார்ந்ததும் ஜோஸ்லின் தட்டச்சு செய்து கொடுத்த தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"செனட்டர் வின்ஸ்லோ அவர்களே, மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களே, என் பேரு வெர்னா பிராக்டன், ஸ்கௌஹீகன். உங்க அம்மாவும் நானும் ஒரே மெஷின் வரிசையில தைச்சோம், உங்களுக்கு ஞாபகம் இருக்காது, நீங்க அப்ப தொட்டில்ல. நான் ஆதரவும் இல்ல, எதிர்ப்பும் இல்ல. அப்படிச் சொன்னாத்தான் மைக் குடுப்பீங்களாம். சொல்லிட்டேன். இப்ப விஷயத்துக்கு வரேன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. செனட்டர் வின்ஸ்லோவே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காப்பிக்குக் கிளம்பிய கோட்டு ஒன்று மறுபடி உட்கார்ந்தது.

"ரத்தத்தை எல்லாம் வெளிய எடுத்துக் கழுவி உள்ள விடுறாங்க. முடிஞ்சதும் கால் ரெண்டும் நனைஞ்ச காகிதம் மாதிரி ஆயிடும். அந்தக் காலோட ரெண்டு கண்ணாடிக் கதவுக்கு நடுவுல நிப்பேன். போன் பண்ணினா ‘வந்துட்டே இருக்கு’ம்பாங்க. ஒருநாள் சோடா மெஷின்ல சாஞ்சு தூங்கிட்டேன். காவலாளி, செத்துட்டேனோன்னு நினைச்சுத் தொட்டுப் பாத்தான். அவன் அலறினதுல நான் அலற, பாவம் அவனுக்குத்தான் டாக்டர் தேவைப்பட்டுது." இந்தமுறை சிரிப்பு பாதியில் நின்றது. "ஆனா ஒண்ணு. வண்டிக்காரப் பசங்களைத் திட்டாதீங்க. இன்னிக்கு என்னைக் கூட்டிட்டு வந்தவன் சொன்னான். ஆள் ஏறினாத்தான் கூலியாம், காத்துட்டு நின்னா அவனுக்கு ஒண்ணும் கிடையாதாம். அது நிஜமான்னு எனக்குத் தெரியாது. இதையெல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தானே சட்டம் போடுறீங்க?"

மூன்று நிமிடம் முடிந்ததென்று சிவப்பு விளக்கு எரிந்தது. செனட்டர் வின்ஸ்லோ வக்கீலைப் பார்த்தார். "அது நிஜமா சார்?"

"அந்த விவரத்தை வேலைக் கூட்டத்துக்குக் கொண்டுவரேன், செனட்டர்."

அந்தக் கட்டடத்தில் நழுவுவதற்கென்றே உள்ள வாக்கியம் அது. வேலைக் கூட்டத்தில் குழுவினர் தங்களுக்குள் பேசி முடிவெடுப்பார்கள். ஜனங்கள் பார்க்கலாம், பேச முடியாது. அந்த வாக்கியத்தை ஜோஸ்லின் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

செனட்டர் இந்தப் பக்கம் திரும்பினார். "ஹோப்? உங்க மன்றத்துக்குத் தெரியுமா? கூலி இல்லாம எவன் நிப்பான்? நிக்கலேன்னா இந்த மசோதாவை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

ஹோப் கோப்பைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். நிமிர்ந்தபோது கழுத்து சிவந்திருந்தது. "நாங்களும்... வேலைக் கூட்டத்துக்குக் கொண்டுவரோம், செனட்டர்."

ஹோப் வாயிலிருந்து அந்த வாக்கியத்தை ஜோஸ்லின் கேட்டது அதுதான் முதல் தடவை. குழுவின் கோடியில் இருந்த உறுப்பினர் ஒருவர் தன் மசோதாத் தாளைச் சத்தமில்லாமல் மூடிவைத்தார். மூடுகிற தாள் என்ன சொல்கிறது என்று ஜோஸ்லினுக்குத் தெரியும்.

வெர்னா ஊன்றுகோலை ஊன்றித் திரும்பிவந்து தொப்பென்று உட்கார்ந்தார். "சரியாப் பேசினேனாடி? எல்லார் மூஞ்சியும் ஏன் இப்படிப் போச்சு?"

"சரியாப் பேசினீங்க" என்றாள் ஜோஸ்லின்.

செனட்டர் வின்ஸ்லோ சுத்தியலைக் கையில் எடுத்தார். "ஆதரவும் இல்லாம, எதிர்ப்பும் இல்லாம, வேற யாராவது?"

தேனீக்காரர் அன்று வரவில்லை. ஜோஸ்லின் இருக்கை நுனிக்கு வந்திருந்ததைக் கேலப் பார்த்துவிட்டான். "ஏய் இன்னொரு பக்கம்" என்றான் மெதுவாக. அதில் கிண்டல் இல்லை. "வேண்டாம். ஹோப் உன்னைத் தொலைச்சிடுவா."

சுத்தியல் மேலே போனது. ஜோஸ்லின் எழுந்தாள். பழக்கத்தில், இடம் போய்விடாமல் இருக்க நாற்காலியில் வைப்பதற்கு எதையாவது தேடினாள். கையுறைகள் டாக்டரிடமும் பாதிரியாரிடமும் இருந்தன. மஃப்ளர் வெர்னாவின் மடியில். தொப்பியும் கோட்டும் எங்கோ பின்வரிசையில். கழுத்தைத் தடவினாள். மன்றத்தின் பெயர் போட்ட அடையாள அட்டையை நாடாவோடு தலைக்கு மேலே கழற்றி, நாற்காலியின் நடுவில் எழுத்து மேலே தெரியும்படி வைத்துவிட்டு, மைக்கை நோக்கி நடந்தாள்.